இளைஞன் கையில் கிண்ணம்: பொறுப்பாளி யார்?

திருமதீனாவில் அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஒருநாள் தோழர்கள் சிலர் கூடியிருந்தனர். மது முற்றாக விலக்கப்படாதிருந்த காலம் அது. பேரீச்சையிலிருந்து வடித்த மது அங்கே பரிமாறப்பட்டுக் கொண்டிருந்தது. பரிமாறி நின்றவர் ஓர் இளைஞர். அந்த அவையிலேயே வயதிற் குறைந்தவர் அவர்தாம். பிற்காலத்தில் பெருமானார் (ஸல்) அவர்களின் ஹதீஸ்களை ஆயிரக்கணக்கில் அறிவித்த அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களே அந்த இளைஞர்.

அவ்வேளையில் மது ஹராமாக்கப்பட்டு விட்டது என்ற அறிவிப்பு வீதியிலிருந்து கேட்டது. கேட்டதும் அபூதல்ஹா (ரலி) அவர்கள், அனைத்தையும் வெளியே கொண்டு போய்க் கொட்டிவிடுமாறு அனஸ் (ரலி) அவர்களுக்குக் கட்டளையிட்டார்கள். கையிலிருப்பதை மட்டும் அருந்தி முடிப்போம் என்று எவரும் கூறவில்லை. செய்தி மெய்தானா என்று ஆளனுப்பி விசாரிக்கவும் இல்லை. அன்று மதீனாவின் தெருக்களில் மது ஆறாக ஓடிற்று என்று புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்கள் அறிவிக்கின்றன.

அன்பு வாசகர்களே! இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருப்போம். ஆனால், அங்கே ஓர் இளைஞனின் கையில் கிண்ணம் இருந்தது என்பதையும், அதை அவன் கையிலிருந்து இறக்கி வைத்தவர் அவ்வீட்டுப் பெரியவர் என்பதையும் நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? பெரியவர் இறக்கியதால் இளையவரும் இறக்கினார். இன்று நம் பிள்ளைகளின் கையில் கிண்ணம் ஏறுகிறதென்றால், அதை ஏற்றி வைத்தவர் யார், இறக்கி வைக்க வேண்டியவர் யார் என்பதே இவ்வாரம் நாம் சிந்திக்க வேண்டிய கேள்வியாகும்.

முத்துக் கரையில் புகும் நஞ்சு

தூத்துக்குடி முதல் காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம், அப்பால் கீழக்கரை வரை நீளும் நம் கடற்கரை, முத்துக்கும் சங்குக்கும் பெயர் பெற்றது. அரபு நாட்டு வணிகரின் கப்பல்கள் வந்தணைந்த கரை இது. உமறுப் புலவரைப் பேணியதும், ஆலிம் பெருமக்களை ஈன்றதும் இந்தக் கரையே. மதுக்கடை இல்லாத ஊர் என்ற பெயரைக் காயல்பட்டினம் நெடுங்காலமாகப் பெருமையோடு தாங்கி வந்திருக்கிறது. ஆயினும் ஊருக்குள் கடை இல்லாவிட்டால் மது வராது என்று நாம் நிம்மதி கொள்வதற்கில்லை. இரு சக்கர வாகனத்தில் பத்து நிமிடம் சென்றால் பக்கத்து ஊர். துறைமுகத்துக்கு வந்து போகும் லாரிகளும், உப்பளமும், விசைப்படகுத் துறையும் சூழ்ந்த பகுதியில் உழைப்பாளியின் கூலிக்காக வாய் திறந்து காத்திருக்கும் கடைகளுக்கும் குறைவில்லை.

நம் மாநிலத்தில் மதுவிலக்கு முதன்முதலாக 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. 1948 இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971 இல் அது விலக்கி வைக்கப்பட்டபோது, முதுமையையும் பொருட்படுத்தாது முதலமைச்சரை நேரில் கண்டு, வேண்டாம் என்று முறையிட்டவர் ராஜாஜி. இடையில் சில ஆண்டுகள் மீண்டும் மதுவிலக்கு வந்தது, பிறகு போயிற்று. 1983 இல் அரசின் மதுபான வாணிபக் கழகம் அமைந்தது. 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடைகளையும் அக்கழகமே நடத்தத் தொடங்கியது. மதுவிலக்கைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்று நம் அரசியல் சாசனத்தின் 47 ஆவது பிரிவு கூறுவது ஒருபுறம் இருக்க, நிலைமை இவ்வாறு ஆயிற்று.

எய்ம்ஸ் மருத்துவ நிறுவனத்தின் மூலம் மத்திய அரசு நடத்தி 2019 இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் 10 முதல் 17 வயதுக்குட்பட்ட சிறாரில் நூற்றுக்கு 1.3 பேர் மது அருந்துவோராக இருந்தனர். தொகையாகச் சொன்னால் ஏறத்தாழ 30 லட்சம் பிள்ளைகள். நூற்றுக்கு ஒருவர்தாமே என்று சொல்லிவிடலாம். அந்த ஒருவன் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அந்த வீட்டுக்கு அது நூற்றுக்கு நூறு அன்றோ!

பத்துப் பேர் மீது சாபம்

மதுவின் தீமையைத் திருமறை படிப்படியாக உணர்த்திற்று. அதில் சில பயன்கள் இருப்பினும் பாவமே பெரிது என்று முதலில் அறிவித்தது (2:219). போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்று அடுத்துத் தடுத்தது (4:43). இறுதியில் மதுவும் சூதும் ஷைத்தானின் அருவருப்பான செயல்கள், அவற்றைத் தவிர்ந்து கொள்ளுங்கள் என்று முற்றாக விலக்கிற்று. அவற்றின் வாயிலாக மக்களிடையே பகைமையை மூட்டவும், இறைநினைவை விட்டும் தொழுகையை விட்டும் மக்களைத் தடுக்கவுமே ஷைத்தான் விரும்புகிறான் என்று காரணத்தையும் எடுத்துரைத்தது (5:90, 91). மிகுதியாக அருந்தினால் போதை தரும் எதுவும் சிறிதளவாயினும் ஹராமே என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தெளிவாக்கி விட்டார்கள். ஆகவே, பீர்தானே, ஒரு மிடறுதானே என்ற பேச்சுக்கு மார்க்கத்தில் இடமே இல்லை.

மதுவின் தொடர்பாகப் பத்துப் பேரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் சபித்ததாகத் திர்மிதி முதலிய நூல்களில் காண்கிறோம். பிழிபவர், பிழியச் செய்பவர், அருந்துபவர், சுமப்பவர், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர் என்பதே அந்தப் பட்டியல். எண்ணிப் பாருங்கள்! குடிப்பவர் ஒருவர். அக்குடியைச் சாத்தியமாக்கிய ஏனையோர் அவரைச் சுற்றி நிற்கின்றனர்.

அதனினும் அஞ்சத்தக்க எச்சரிக்கை ஒன்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஹலால் எது, ஹராம் எது என்று பிரித்தறியாத சிறுவனுக்கு மதுவைப் புகட்டியவனுக்கு, நரகவாசிகளின் உடலிலிருந்து வழியும் சீழைப் புகட்டுவதை அல்லாஹ் தன் மீது கடமையாக்கிக் கொண்டான் என்பதே அதன் கருத்து. பருவமடையாத சிறுவனின் மீது எழுதுகோல் இயங்குவதில்லை. அவன் செயலுக்குப் பாவம் எழுதப்படுவதில்லை. ஆனால் அப்பாவம் காற்றில் கரைந்து போய்விடவில்லை. புகட்டியவன் கணக்கில் அது ஏறுகிறது. நம் ஃபிக்ஹு நூல்களும் இவ்வாறே உரைக்கின்றன.

இத்தகைய கொடுமையை யார் செய்வார் என்று கேட்கலாம். 2015 ஜூலையில் திருவண்ணாமலை மாவட்டத்தில், நான்கே வயதான ஒரு குழந்தையின் வாயில் உறவினரும் மற்றவர்களும் பீரை ஊற்றி, அது தள்ளாடுவதைக் கண்டு சிரித்து, அதைப் படமும் பிடித்த செய்தி நாடெங்கும் பரவி நெஞ்சைப் பதற வைத்தது. காவல்துறை அவர்களைக் கைது செய்தது. அது வெளியே தெரிந்த ஒரு நிகழ்ச்சி. மணமகனின் தோழர்கள் கூடும் இரவில், இப்போது நீயும் ஆண்பிள்ளை ஆகிவிட்டாய் என்று பதினாறு வயதுத் தம்பியின் கையில் ஒரு காக்கா கிண்ணத்தைக் கொடுப்பாராயின், அது இதிலிருந்து எவ்வகையில் வேறு?

சட்டம் யார் கையைப் பிடிக்கிறது?

மார்க்கம் இவ்வாறு கூற, நாட்டுச் சட்டம் என்ன கூறுகிறது? இதையும் நம் இல்லங்களில் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கலாகாது என்று 2003 ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகள் தடுக்கின்றன. கேரளத்தில் இந்த வயது வரம்பு 23, மகாராஷ்டிரத்தில் 25. நமக்கு அக்கரையில் உள்ள இலங்கையிலும் 2006 ஆம் ஆண்டின் சட்டப்படி 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பது குற்றமாகும். இங்கே ஒன்றை மறக்க வேண்டாம். 21 என்பது அரசு இட்ட வேலி. அவ்வயது கடந்தால் மது ஹலாலாகி விடும் என்று எந்த முஸ்லிம் வாலிபரும் எண்ணிவிடக் கூடாது. முஃமினுக்கு அது 21 இலும் ஹராம், 81 இலும் ஹராம்.

18 வயது நிறையாதவரைச் சட்டம் குழந்தை என்றே அழைக்கிறது. 2015 ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 77 ஆவது பிரிவு, மருத்துவரின் ஆணையின்றி எந்தக் குழந்தைக்கும் மதுவையோ, போதைப் பொருளையோ, புகையிலையையோ கொடுப்பவருக்கும் கொடுக்கச் செய்பவருக்கும் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்கிறது. கடைக்காரருக்கு மட்டும் உரியதன்று இப்பிரிவு. நண்பனாயினும், மாமனாயினும், அண்ணனாயினும், கொடுத்தவர் கொடுத்தவரே. அடுத்துள்ள 78 ஆவது பிரிவு, மதுவை விற்கவோ சுமக்கவோ கடத்தவோ குழந்தையைப் பயன்படுத்துவோருக்கும் அதே தண்டனையைக் குறிக்கிறது. இந்தப் பையை அந்தக் கடையில் கொடுத்துவிட்டு வா என்று சிறுவனைத் தூது அனுப்புவோர் இதைக் கவனிக்கட்டும். கொடுப்பவரும் சுமக்கச் செய்பவரும் என்ற இவ்விரு பிரிவுகளையும் படிக்கும்போது, நாம் மேலே கண்ட பத்துப் பேரின் பட்டியல் நினைவுக்கு வருகிறதல்லவா?

பிள்ளையின் நிலை என்ன? குற்றம் புரிந்ததாகக் கூறப்படும் சிறுவனைக் காவல் நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். கண்டித்து அனுப்புவது, அறிவுரைக்கு ஏற்பாடு செய்வது, சமூகப் பணி செய்யச் சொல்வது, பெற்றோரை அபராதம் செலுத்தச் செய்வது, சிறப்பு இல்லத்துக்கு அனுப்புவது ஆகியவற்றில் தக்கதைக் குழுமம் முடிவு செய்யும். அவனைத் திருத்துவதே அச்சட்டத்தின் நோக்கம். பொதுவாக அப்பதிவு அவன் பிற்கால வாழ்வுக்குத் தடையாகாத வண்ணமும் அது பார்த்துக் கொள்கிறது.

ஆனால் 18 நிறைந்த மறுநாளே இந்தக் குடை மடங்கி விடுகிறது. கல்லூரியில் படிக்கும் பத்தொன்பது வயது வாலிபன் மது வாங்கும் வயதையும் எட்டவில்லை. சிறுவர்க்குரிய பாதுகாப்பும் அவனுக்கு இல்லை. குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை விளைவித்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி 24 மணி நேரம் வரை காவலோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ, சமூகப் பணியோ கிடைக்கலாம். சிறியதாகத் தோன்றும் தண்டனைதான். ஆனால் அடிதடியிலோ விபத்திலோ அது முடிந்து நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால், பாஸ்போர்ட் மறுக்கப்படவும் சட்டத்தில் இடமுண்டு. கடல் கடந்து பிழைக்கும் நம் குடும்பங்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

வாகனத்தின் செய்தி இன்னும் கடுமையானது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது கலந்திருக்க வாகனம் ஓட்டினால், முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஓட்டியவர் 18 வயதுக்குட்பட்டவராயின், 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199 ஏ பிரிவு, அவருடைய பாதுகாவலரையோ வண்டியின் உரிமையாளரையோ குற்றவாளியாகக் கருதுகிறது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தாம் தக்க கவனம் எடுத்ததாகவோ மெய்ப்பித்தாலன்றி அவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமமும் கிடையாது.

புனே நகரம் கற்பித்த பாடம்

இவையெல்லாம் ஏட்டில் உறங்கும் பிரிவுகள் என்று எவரும் எண்ண வேண்டாம். 2024 மே 19 ஆம் நாள் பின்னிரவில் மகாராஷ்டிரத்தின் புனே நகரில், 17 வயதுச் சிறுவன் ஒருவன் ஓட்டி வந்த விலையுயர்ந்த வெளிநாட்டுக் கார் மோதி, இரு சக்கர வாகனத்தில் சென்ற இளம் பொறியாளர்கள் இருவர் மாண்டனர். தேர்வு முடிவின் மகிழ்ச்சியைக் கொண்டாட அவன் நண்பர்களோடு மதுக்கூடங்களில் குடித்துவிட்டு வந்தான் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. விபத்தைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதுமாறு நிபந்தனை விதித்துச் சிறார் நீதிக் குழுமம் அவனை அன்றே ஜாமீனில் விடுத்ததும், நாடே கொதித்தெழுந்தது.

அதன்பின் நடந்ததை நோக்குங்கள். காரைக் கொடுத்ததாகத் தந்தை கைதானார். மது பரிமாறியதாக மதுக்கூடத்தினர் கைதாயினர். சிறுவனின் இரத்த மாதிரியை மாற்றியதாக மருத்துவர்கள் கைதாயினர். அவனுக்குப் பதிலாகத் தம் இரத்தத்தைக் கொடுத்ததாகத் தாயும் கைதானார். இக்குற்றச்சாட்டுகளில் எது மெய், எது பொய் என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. அச்சிறுவனைச் சிறுவனாகவே விசாரிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் குழுமம் முடிவு செய்தது. ஆனால் அவனைச் சூழ்ந்து நின்ற பெரியோருக்கு அத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லை. அதற்குள் இரு வீடுகளில் பெற்றோர் தம் பிள்ளைகளின் இறுதிச் சடங்கைச் செய்து முடித்திருந்தனர். ஒரு மதுக்கிண்ணம் எத்தனை பேரை வளைத்துப் பிடிக்கிறது பாருங்கள்!

பிள்ளை தவறிவிட்டால் அதை மறைக்கப் பணத்தைக் கொண்டு ஓடுவோர் நம்மிலும் உண்டு. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பது உண்மையே. வீதியில் அதைப் பரப்பாதிருப்பதே அந்த மறைத்தல். லஞ்சம் கொடுத்துச் சான்றை அழிப்பது மறைத்தல் ஆகாது. லஞ்சம் கொடுப்பவரும் வாங்குபவரும் நபி (ஸல்) அவர்களின் சாபத்துக்கு உரியவர்கள். அவ்வாறு காப்பாற்றப்படும் பிள்ளை அடுத்த முறை இன்னும் துணிவோடு இறங்குவான்.

பதநீரும் சுண்ணாம்பும்

தடுப்பது எப்படி? இதற்கு நம் மண்ணிலேயே பாடம் இருக்கிறது. உடன்குடிப் பக்கம் பனை ஏறுவோரைக் கண்டிருப்பீர்கள். பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சொட்டும் சாறு இனிய பதநீராக இறங்குகிறது. காய்ச்சினால், 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பட்டி ஆகிறது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அதே மரத்தின் அதே சாறு, அதே இரவில் புளித்துப் பொங்கிக் கள்ளாகி விடுகிறது. மரத்தில் பேதமில்லை, சாற்றிலும் பேதமில்லை. கலயத்தைக் கட்டியவரின் கவனத்தில்தான் பேதம்.

நபி (ஸல்) அவர்கள் உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்து அருந்துவது உண்டு. மூன்றாம் நாள் மாலைக்குப் பின் மிஞ்சியதை அவர்கள் அருந்தமாட்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புளிக்கத் தொடங்குமுன்னரே நிறுத்துவதுதான் அண்ணலாரின் வழிமுறை. பிள்ளை வளர்ப்பிலும் சுண்ணாம்பை முன்னரே தடவ வேண்டும். பொங்கிய பிறகு தடவிப் பயனில்லை.

முதலாவது, வீடு தூய்மையாக இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து திரும்புவோரில் சிலர், தாம் அருந்தாவிட்டாலும் யாருக்கோ கொடுப்பதற்கென்று விமான நிலையத்தில் ஒரு பாட்டிலை வாங்கி வருகின்றனர். வாங்குபவரும் சுமப்பவரும் அந்தப் பத்துப் பேரில் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் அறிவாராக! வாப்பாவின் பெட்டியிலிருந்து வெளிவரும் பாட்டில், மகனுக்கு நூறு உபதேசங்களைப் பொய்யாக்கி விடும்.

இரண்டாவது, நம் திருமணங்கள். நிக்காஹ் பள்ளிவாசலில் நடக்கிறது; துஆ ஓதப்படுகிறது. அன்றிரவே மாப்பிள்ளையின் தோழர்கள் எங்கோ தோப்பில் கூடுகின்றனர். மது சுற்றி வரும் விரிப்பில் அமர்வதையே அண்ணலார் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். ஆகவே இரு வீட்டுப் பெரியோரும் தேதி குறிக்கும்போதே இதையும் பேசி முடிவு செய்வது நலம்.

மூன்றாவது, பணமும் வண்டியும். தந்தை பிழைப்புக்காகக் கடல் கடந்து இருக்கிறார். உம்மா ஒருத்தி வீட்டைக் காக்கிறார். பதினைந்து வயதுப் பையனே வீட்டின் ஆண்பிள்ளை. அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி அவன் கைக்கு வருகிறது. அடம் பிடித்தால் மோட்டார் சைக்கிளும் வருகிறது. பாசத்தைப் பணமாக அனுப்பும் தந்தைமாரே! வாரம் ஒருமுறையேனும் மகனோடு தனித்துப் பேசுங்கள். அவன் யாரோடு பழகுகிறான், இஷாத் தொழுகைக்குப் பிறகு எங்கே இருக்கிறான் என்று கேளுங்கள். மனிதன் தன் நண்பனின் வழியிலேயே செல்கிறான், ஆகவே யாரோடு நட்புக் கொள்கிறோம் என்று பார்த்துக் கொள்ள வேண்டும் என்பது நபிமொழியின் கருத்தன்றோ! ஊரில் இருக்கும் மாமாவும் சாச்சாவும் அவனை விசாரிக்கும் உரிமையை எடுத்துக் கொள்ளட்டும். தாய்மாரும் பிள்ளையின் தவறைத் தந்தைக்கு மறைக்க வேண்டாம். அவர் கோபிப்பார் என்று இன்று மறைப்பது, நாளை அவர் அழும்படி செய்துவிடும்.

நான்காவது, பேசும் முறை. விபசாரத்துக்கு அனுமதி கேட்டு நபி (ஸல்) அவர்களிடமே ஓர் இளைஞர் வந்தார். சுற்றி இருந்தோர் அதட்டினர். அண்ணலாரோ அவரை அருகில் அமர்த்தி, உன் தாய்க்கு இதை விரும்புவாயா, உன் மகளுக்கு விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் மனமே உணரும்படி செய்தார்கள். பின்னர் அவர் மீது தம் திருக்கரத்தை வைத்துத் துஆச் செய்தார்கள். இளைஞரிடம் பேசுவதற்கு இதனினும் சிறந்த பாடம் எங்கே இருக்கிறது? இளம் பருவத்தில் மூளை இன்னும் முழு வளர்ச்சி அடையவில்லை. இருபதுகளின் நடுப்பகுதி வரை அது வளர்கிறது. பதினைந்து வயதுக்கு முன் குடிக்கத் தொடங்குவோர், 21 வரை விலகி இருந்தோரைக் காட்டிலும் பிற்காலத்தில் குடிக்கு அடிமையாகும் வாய்ப்புப் பல மடங்கு அதிகம் என்று ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது அன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவித்துள்ளது. இவற்றையும் மார்க்கத்தோடு சேர்த்து அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், மாலைப் பொழுதுக்கு நல்லதொரு மாற்றும் காட்டுங்கள். காயல்பட்டினத்தின் கால்பந்து மைதானம் எத்தனையோ இளைஞரைத் தீய கூட்டத்திலிருந்து காத்திருக்கும்!

கயிற்றை விட்டுவிடாதீர்

இத்தனைக்கும் பிறகு ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தால் என்ன செய்வது?

மன்னார் வளைகுடாவில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு குளியாளி ஆழத்தில் இறங்குவார். படகில் நிற்பவர் கயிற்றைக் கையில் பிடித்திருப்பார். கீழிருந்து கயிறு அசைந்ததும் மறுநொடி மேலே இழுத்தாக வேண்டும். ஏன் இறங்கினாய், ஏன் இவ்வளவு நேரம் என்ற விசாரணைகள் எல்லாம் அவர் மேலே வந்து மூச்சு விட்ட பிறகே. கயிறு பிடிப்பவர் கோபத்தில் அதை விட்டுவிட்டால் கீழே இருப்பவர் கதி என்ன?

மயக்கமுற்ற நிலையில் பிள்ளை வீடு வந்தால், மானம் போகும் என்று அறையில் பூட்டி உறங்க விடுவது உயிருக்கே உலை வைப்பதாகும். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தனியே விடாமல், 108 ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நினைவிழந்தவன் வாயில் மோரோ எலுமிச்சைச் சாறோ புகட்டலாகாது. அது மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். குடித்தவனுக்குப் பார்வை மங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். 2023 மே மாதம் மரக்காணத்துக் கடற்கரைக் குப்பத்திலும், 2024 ஜூன் மாதம் 60 க்கும் மேற்பட்டோர் மாண்ட கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைக் குடித்தது மெத்தனால் என்னும் நஞ்சே. கண் நரம்பை அது முதலில் தாக்கும். கள்ளக்குறிச்சிக்குப் பின், கள்ளச் சாராயத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் அதை விற்றோருக்கு ஆயுள் சிறையும் பத்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க மாநிலச் சட்டம் திருத்தப்பட்டது.

குடிப்பழக்கம் பற்றிக்கொண்டால் அது நோயாகவும் மாறுகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் அதற்குச் சிகிச்சை உண்டு. போதை மீட்புக்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446. சிறுவருக்கு எவரேனும் மது கொடுப்பதையோ அவர்களைக் கொண்டு விற்பதையோ கண்டால், குழந்தைகள் உதவி எண் 1098 க்குத் தெரிவிக்கலாம். பாவத்துக்கும் வரம்பு மீறலுக்கும் ஒருவருக்கொருவர் துணை போகலாகாது என்பது திருமறையின் கட்டளை (5:2). கண்டும் வாளாவிருப்பது துணை போவதற்கு அண்டை வீடு.

மது அருந்திய ஒருவர் நபி (ஸல்) அவர்களின் முன் கொண்டு வரப்பட்டார். தண்டனை முடிந்து அவர் திரும்பும்போது கூட்டத்தில் ஒருவர், அல்லாஹ் உன்னை இழிவுபடுத்துவானாக என்றார். உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்று பெருமானார் (ஸல்) அவரைத் தடுத்தார்கள். தண்டனையும் நடந்தது, சகோதரர் என்ற உறவும் அறுபடவில்லை. நம் ஜமாஅத்துகள் இதைக் கவனிக்க வேண்டும். தவறிய வாலிபனை ஊர் விலக்கு என்று தள்ளி வைத்தால், அவன் போய்ச் சேருமிடம் அதே கூட்டம்தான். அவனுடைய தவ்பாவுக்குப் பள்ளிவாசலின் வாயில் திறந்தே இருக்கட்டும். அவனுக்குக் கிண்ணத்தைக் கொடுத்தவர் யார் என்பதை ஜமாஅத் விசாரிக்கட்டும்; சட்டத்தின் முன் நிறுத்த வேண்டியவராயின் நிறுத்தட்டும்.

ஈமான் கொண்டவர்களே, உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் நரக நெருப்பிலிருந்து காத்துக் கொள்ளுங்கள் என்று திருமறை நம்மை விளித்துக் கூறுகிறது (66:6). ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே, அவரவர் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்று அண்ணலாரும் எச்சரித்திருக்கிறார்கள். நீதிமன்றத்தின் விசாரணைக்கு வழக்கறிஞர் உண்டு, மேல்முறையீடும் உண்டு. மஹ்ஷரின் விசாரணைக்கு அவை இல்லை. ஆகவே வாசகர்களே, இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து வீடு திரும்பியதும் மகனையோ தம்பியையோ அருகில் அழையுங்கள். அதட்டாமல் அவனோடு சற்று நேரம் அமர்ந்து பேசுங்கள். அவன் நெடுநாளாக அதற்காகக் காத்திருக்கவும் கூடும்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளை எல்லா வகைப் போதையிலிருந்தும் காத்து, தவறியோரைத் தன் கருணையால் மீட்டு, நம்மைப் பொறுப்புணர்ந்த பெற்றோராக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.